வண்டி கைமாறியது, பெயர் மாறவில்லை

கேள்வி: என்னுடைய 2015 மாடல் காரை இணைய விளம்பரம் வழியாக 3,40,000 ரூபாய்க்கு விற்றேன். வாங்கிய இளைஞர் தம் மெக்கானிக்கை மடிப்பாக்கத்திலுள்ள என் வீட்டுக்கே அழைத்து வந்து, ஓட்டிப் பார்த்துத்தான் எடுத்தார். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும், வாங்குபவர் பெயரை எழுதாமலே, கையெழுத்திட்டு ஆர்.சி.யோடு கொடுத்துவிட்டேன். 24 நாள் கழித்து, இன்ஜின் போய்விட்டது, 85,000 ரூபாய் தராவிட்டால் போலீசுக்கும் நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போவேன் என்கிறார். இரவு பதினொரு மணிக்கும் போன் செய்து மனைவி காதில் விழும்படி திட்டுகிறார். பணத்தில் பெரும்பகுதி வேறு ஒருவர் வங்கிக் கணக்கிலிருந்துதான் வந்தது. பெயர் மாற்றம் இன்னும் ஆகவில்லை. காப்பீட்டை ரத்து செய்துவிடலாமா? மாற்றுச் சாவி என்னிடம் இருக்கிறது. வண்டியை எடுத்து வந்துவிட்டால் வழிக்கு வருவாரா?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் அவருடைய நடத்தையைப் பற்றியும், நீங்கள் அந்த வண்டியை எவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்திருந்தீர்கள் என்பதைப் பற்றியும் இருக்கிறது. சட்டத்துக்குத் தேவையானது கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரே வாக்கியம்: பெயர் மாற்றம் இன்னும் ஆகவில்லை. மற்றதையெல்லாம் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

அவருடைய மிரட்டல்களை முதலில் முடித்துவிடுகிறேன். சொந்த வண்டியை ஒருமுறை விற்ற தனிநபர் வணிகர் ஆகமாட்டார். ஆகவே நுகர்வோர் ஆணையத்தில் இந்தப் புகார் நிற்பது கடினம். போலீசில் மோசடி என்று புகார் கொடுக்கலாம், மனு ஏற்புச் சீட்டும் வாங்கலாம். ஆனால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவின்படி விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும்; பத்து வயது வண்டியின் இன்ஜின் பின்னால் பழுதானது அதற்குப் போதாது. இரவுநேர போன்களைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், பதில் பேசாதீர்கள்.

இப்போது உண்மையான ஆபத்துக்கு வருகிறேன். விலை பேசி, பணம் வாங்கி, சாவி கொடுத்த அன்றே உங்கள் இருவருக்கிடையில் வண்டி அவருடையதாகிவிட்டது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(30), பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரையே உரிமையாளர் என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். நாளை அந்த வண்டி வேளச்சேரி சாலையில் ஒருவரை மோதினால், அடிபட்டவரின் குடும்பம் உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறுவழக்குகள் நீதிமன்றத்தில், அதாவது அங்கு இயங்கும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், உங்கள் பெயரைப் போட்டுத்தான் மனு தாக்கல் செய்யும். நான் எப்போதோ விற்றுவிட்டேன் என்று நீங்கள் சொல்லலாம். 2018இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு முன்பும் அதுவேதான் சொல்லப்பட்டது. அந்த வண்டி பல கை மாறியிருந்தது. இருந்தும், பாதிக்கப்பட்டவரை ஒவ்வொரு கையாகத் தேடி அலையவிட முடியாது என்று கூறி, பதிவேட்டில் பெயர் இருந்தவரையே நீதிமன்றம் பொறுப்பாக்கியது. வண்டி ஒரு குற்றத்தில் சிக்கினாலும் போலீஸ் முதலில் தட்டப்போவது பதிவேட்டிலுள்ள முகவரியின் கதவைத்தான். அண்ணா நகர் கேமராவில் விழும் அபராதச் சலானும் உங்கள் கைப்பேசிக்கே வரும் என்பது இதற்கு முன்னால் சின்ன விஷயம்.

பணம் வேறு கணக்கிலிருந்து வந்தது என்கிறீர்கள். அதையும், கையெழுத்திட்ட படிவங்களில் வாங்குபவர் பெயர் எழுதப்படவே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உங்களிடம் வந்தவர் வாங்கி விற்கும் தரகராக இருக்கவே வாய்ப்பு அதிகம். வெற்றுப் படிவத்தோடு வண்டியை நிறுத்தி வைத்து, அடுத்த ஆளிடம் விற்கும்போது அந்த ஆளின் பெயரை எழுதிக்கொள்வது அவர்கள் வழக்கம். இடையில் விற்றவரை மிரட்டிக் கிடைப்பது கூடுதல் லாபம். (போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் பெற்ற பழைய வாகன விற்பனையாளரிடம் கொடுத்திருந்தால், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி இணையத்தில் அறிவிப்பைப் பதிந்து பொறுப்பை அவர் தலையில் ஏற்றியிருக்கலாம். அது இனிப் பேசிப் பயனில்லை.)

காப்பீட்டை ரத்து செய்யலாமா என்ற உங்கள் கேள்வியைப் படித்தபோதுதான் எனக்குப் பதற்றம் வந்தது. செய்யவே செய்யாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 157இன்படி, வண்டி கைமாறினாலும் மூன்றாம் நபருக்கான காப்பீடு, அதாவது வண்டி மோதி அடிபட்டவருக்கு இழப்பீடு தரும் காப்பீடு, வண்டியோடு தொடர்கிறது. இன்றைக்கு உங்கள் வீட்டைக் காத்துக்கொண்டிருப்பது அந்த ஒன்றுதான். மிச்ச பிரீமியமாகக் கிடைக்கும் சில ஆயிரத்துக்காக அதை ரத்து செய்துவிட்டு, பிறகு பல லட்சம் இழப்பீட்டுத் தீர்ப்போடு என் அலுவலகப் படியேறியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் செய்யக்கூடியது மிகக் குறைவு. பெயர் மாறுவதற்குள் பாலிசி முடிந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை நீங்களே புதுப்பியுங்கள். 1000 முதல் 1500 சி.சி. வரையான காருக்கு 2022இல் நிர்ணயித்த கட்டணம் வரி நீங்கலாக 3,416 ரூபாய்.

மாற்றுச் சாவியைப் பயன்படுத்தினால் அது திருட்டு, ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருப்பது அதற்கு விடையாகாது. வண்டி காணாமல் போனதாகப் பொய்ப்புகார் கொடுக்கச் சொல்லும் நண்பர் யாராவது இருந்தால், அவருடைய நட்பைப் பற்றியும் யோசியுங்கள்.

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. நீங்கள் அனுப்பிய வாட்ஸாப் பிரதியில், இன்ஜினில் ஏதாவது வேலை இருக்கிறதா என்று அவர் கேட்க, ஒன்றுமே இல்லை என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு, இன்ஜினிலுள்ள ஹெட் கேஸ்கட் என்ற பாகத்தை மாற்ற 28,000 ரூபாய் ஆகும் என்று சர்வீஸ் மையம் உங்களுக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறது. விற்பவர் வாய் திறக்காமல் இருந்தால், மெக்கானிக்கோடு வந்து பார்த்தவர் பின்னால் குறை சொல்வது எடுபடாது. கேட்ட கேள்விக்குத் தவறான பதில் சொல்வது வேறு: ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 17 அதை ஏமாற்று என்றே கொள்ளும், அவருடைய மோசடிப் புகாருக்கும் அதுவே தீனியாகும். அந்த மதிப்பீட்டை நீதிமன்றம் வரவழைத்தால் நீங்கள் கூண்டில் என்ன சொல்வீர்கள்?

ஆகவே சமரசமாகப் போங்கள். அவர் கேட்கும் 85,000 அல்ல. 28,000 வரை போகலாம், அதுவும் பெயர் மாற்றத்துக்கு ஈடாக மட்டும். என்னிடம் வழக்குக்கு வருபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இதுதான்: காவல் நிலையத்தில் உட்காரவைத்துப் பேசியதும் பயத்தில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் வெளியே வந்துவிடுகிறார்கள், மூன்று மாதம் கழித்து அதே வண்டி, வேறு ஆள், வேறு புகார். நிலையத்துக்கு அழைத்தால் வழக்கறிஞரோடு போங்கள், அங்கே பணமும் கொடுக்காதீர்கள், எதிலும் கையெழுத்தும் போடாதீர்கள். உத்தரவாதம் என்று வெற்றுக் காசோலை கேட்பார்கள். கொடுத்தால் அது செக் மோசடி வழக்காகத் திரும்பி வரும்.

இந்த வாரமே, விற்ற நாள், நேரம், விலை, வாங்கியவர் பெயர், முகவரி எழுதிய படிவம் 29இன் பிரதியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) பட்டுவாடா அத்தாட்சியோடு அனுப்பி, நகலை அவருக்கும் அனுப்புங்கள். விற்றதைத் தெரிவிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 50 தந்த 14 நாள் கெடு தாண்டிவிட்டது. அபராதம் கேட்டால் கட்டிவிடுங்கள். இதனால் மட்டும் பொறுப்பு விலகிவிடாது, ஆனால் பிற்பாடு அவரிடமிருந்து வசூலிக்க உங்கள் கையில் இருக்கும் முக்கியமான காகிதம் இதுவாகத்தான் இருக்கும். பணம் வந்த வங்கிப் பதிவையும் பத்திரப்படுத்துங்கள். அந்தக் கணக்கில் வில்லங்கம் இருந்து உங்கள் கணக்கு முடக்கப்பட்டால், கார் விற்ற பணம் என்று காட்ட அதுவும், வண்டியை ஒப்படைத்ததற்கான டெலிவரி நோட்டும் வேண்டும்.

பிறகு முத்திரைத்தாளில் ஓர் உடன்படிக்கை எழுதுங்கள்: வண்டியை ஒப்படைத்த நேரத்திலிருந்து வரும் எல்லாப் பொறுப்பும் அவருடையது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, புகார் இருந்தால் திரும்பப் பெறப்படும். பாதித் தொகையைப் பெயர் மாற்ற விண்ணப்பம் பதிவான ரசீதைக் கண்ட பிறகும், மீதியைப் புது ஆர்.சி.யில் அவர் பெயரைப் பார்த்த பிறகும் வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். மறுத்தால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, பெயர் மாற்றக் கோரி உரிமையியல் நீதிமன்றம் போகலாம். அதற்கு ஆகும் காலத்தில் அந்த வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். புது ஆர்.சி. வந்த அன்று மாற்றுச் சாவியை அவரிடம் ஒப்படைத்து, அதற்கும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.