சந்தா உயர்வா, கார்டு வட்டியா?

கேள்வி: ஈரோட்டில் திருமண ஆல்பம் வடிவமைக்கும் ஸ்டுடியோ நடத்துகிறேன். ஐந்து கணினிகளுக்கான மென்பொருள் சந்தா, ஆண்டு ஒப்பந்தம் தானாகவே புதுப்பிக்கப்பட்டபோது, மாதம் 8,000 ரூபாயிலிருந்து 9,500 ரூபாயாகிவிட்டது. அறிவிப்பு, வேலையை விட்டுப்போன ஊழியரின் மின்னஞ்சலுக்குச் சென்றிருக்கிறது. ஐந்தில் இரண்டு உரிமங்கள் என் மனைவியின் தம்பி கடைக்கானவை. கிரெடிட் கார்டில் 1,20,000 ரூபாய் நிலுவை. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டுகிறேன். மூன்றாண்டுச் சந்தாவை இப்போதே செலுத்தினால் 10 சதவீதத் தள்ளுபடி என்கிறார்கள். கார்டில் 'நோ காஸ்ட் இஎம்ஐ' வசதியும் உண்டு. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நிறுவனம் நடந்துகொண்ட விதம் சரியல்ல என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனாலும், ரிசர்வ் வங்கி விதிப்படி ஆட்டோ டெபிட்டுக்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்பியாக வேண்டும் என்பதால், அது குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ உங்களுக்கும் வந்திருக்கும். விளம்பரம் என்று ஒதுக்கியிருப்பீர்கள்.

நீங்கள் புலம்பும் உயர்வு மாதம் 1,500 ரூபாய். கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால் 4,200 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக ஏறக்குறைய 5,000 ரூபாய். கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை! நிலுவை இருக்கும்வரை வட்டியில்லாக் காலம் கிடையாது என்பதால், கார்டில் புதிதாகப் பிடிக்கப்படும் ஒவ்வொரு சந்தாவும் அன்றைய தேதியிலிருந்தே வட்டி சுமக்கிறது. மூன்றாண்டுத் தள்ளுபடி மொத்தமே சுமார் 34,000 ரூபாய். இதே வேகத்தில் மூன்றாண்டு வட்டியோ 1,80,000 ரூபாய். 'நோ காஸ்ட்' என்ற பெயரிலும் வட்டிக்கான ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும்.

வீட்டில் நகை இருந்தால், ஆண்டுக்கு 12 சதவீதத்துக்குள் வங்கி நகைக்கடன் வாங்கி, கார்டு நிலுவையை ஒரே தவணையில் அடைத்துவிடுங்கள். வட்டி மாதம் 1,200 ரூபாயாகக் குறையும். மிச்சமாகும் 3,800 ரூபாயை நகைக்கடன் அசலுக்கே கட்டுங்கள், வேறு எதற்கும் எடுக்காதீர்கள். சந்தாவை வங்கிக் கணக்கிலிருந்தே செலுத்துங்கள்.

ஆட்டோ டெபிட்டை நிறுத்தினால் ஒப்பந்தமும் முடிந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். அடோபி போன்ற மென்பொருள் நிறுவனங்கள், ஆண்டு ஒப்பந்தத்தை இடையில் முறிப்பவர்களிடம் மீதித் தொகையில் பாதியைக் கேட்பதுண்டு. ஆகவே தொடர்பு மின்னஞ்சலை உங்கள் பெயருக்கு மாற்றி, அடுத்த புதுப்பிப்புத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே, உரிமங்களை மூன்றாகக் குறைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். அதுவரை இரண்டு உரிமங்களுக்கான 3,800 ரூபாயை மைத்துனர் மாதந்தோறும் உங்களிடம் தரட்டும். இதை அவரிடம் சொல்லும்போது, மனைவியையும் கார்டு பில்லையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.