மின்சார வேனின் ஏசி ஃபேன் மாட்யூல்: வடசென்னைக் கேள்விகளும் பதில்களும்

காசிமேடு முதல் எண்ணூர் வரை மின்சார வேன் ஓட்டுகிறவர்களும், அவற்றை ஷெட்டில் பார்க்கிறவர்களும் கேட்டவை இவை. பெரும்பாலும் டேஷ்போர்டுக்குள் காற்றை ஊதும் ப்ளோயர், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மாட்யூல் இரண்டையும் பற்றியது. ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் முன்பக்க கன்டென்சர் ஃபேன் பற்றியும் ஒரு கேள்வி உண்டு.

தண்டையார்பேட்டை: அண்ணா, ஃபேன் 4-ல வெச்சாதான் ஓடுது. 1, 2, 3-ல மூச்சே இல்ல. மோட்டார் போச்சா, மாட்யூல் போச்சா?

மோட்டார் பிழைத்திருக்கிறது. உங்களுடையது ரெசிஸ்டர் வகை. முதல் மூன்று வேகமும் மின்சாரத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் சுருள் வழியாகப் போகும், நான்காவது அதைத் தொடாமல் நேராகப் போகும். சூடு மிஞ்சினால் அறுந்துபோக அதிலேயே ஒரு சின்ன தெர்மல் ஃபியூஸ் இருக்கும். அதுதான் போயிருக்கிறது. அதன் மேல் ஒயர் வைத்து பற்றவைத்து ஓட்டாதீர்கள். அடுத்த முறை சூடேறும்போது அறுந்துபோக எதுவும் இருக்காது, பிளாஸ்டிக் டப்பாதான் உருகும். முழு ரெசிஸ்டரையும் மாற்றுங்கள்.

திருவொற்றியூர்: எனக்கு வேற மாதிரி. சுவிட்ச் ஆஃப் பண்ணாலும் ஃபுல் ஸ்பீடுல ஊதுது.

அது எலக்ட்ரானிக் மாட்யூல். உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட் என்ற எலக்ட்ரானிக் சுவிட்ச் ஷார்ட் ஆனால் நிற்காமல் ஓடும். உள்ளே இணைப்பு அறுந்து திறந்துபோனால் ஓடவே ஓடாது. உங்களுடையது முதல் ரகம். உடனே ப்ளோயர் ஃபியூஸைக் கழற்றி வையுங்கள். இல்லையென்றால் இரவு முழுக்க ஓடி 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடும். மின்சார வண்டியில் அந்தச் சின்ன பேட்டரி இறந்தால் பெரிய பேட்டரியை இணைக்கும் கான்டாக்டரே மூடாது. சார்ஜ் 90 சதவீதம் இருந்தாலும், வண்டி ஓடத் தயார் என்று காட்டும் ரெடி லைட் வராது.

மணலி, ஷெட் வைத்திருப்பவர்: ஃபேன் சுத்தமா ஓடல. ரெண்டு பின்லயும் 12 வோல்ட் காட்டுது. அப்ப மோட்டார்தானே போச்சு?

இந்த இடத்தில்தான் நல்ல மோட்டாரைத் தூக்கிப் போடுகிறார்கள். டெஸ்டரின் கறுப்பு முனையை பாடியில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். நிறைய வண்டிகளில் மோட்டாரின் பிளஸ் எப்போதும் உயிரோடு இருக்கும். மாட்யூல் மைனஸ் பக்கத்தைத்தான் திறந்து மூடும். மாட்யூல் திறந்துபோனால் மின்சாரம் ஓடாது, அதனால் இரண்டு பின்னிலும் பாடிக்கு 12 வோல்ட் தெரியும். கனெக்டரை மாட்டியபடியே மோட்டாரின் இரண்டு பின்களுக்கு நடுவே வையுங்கள். 12-க்குப் பக்கத்தில் வந்தும் ஓடவில்லை என்றால் மோட்டார். பூஜ்யம் என்றால் மாட்யூலுக்குப் போங்கள்.

மாட்யூலில் இரண்டு தடித்த ஒயர் சப்ளை, இரண்டு மோட்டாருக்கு, ஒரு மெல்லிய ஒயர் சிக்னல் என்பது சாதாரண அமைப்பு. சப்ளை சரி, ஃபேன் குமிழைத் திருப்பும்போது மெல்லிய ஒயரில் வோல்ட் மாறுகிறது, மோட்டாருக்குப் போவது மட்டும் மாறவில்லை என்றால் மாட்யூல் போய்விட்டது. மெல்லிய ஒயரிலேயே மாறவில்லை என்றால் ஏசி கன்ட்ரோல் பேனலையோ நடுவில் உள்ள ஒயரையோ பாருங்கள். சில புது வண்டிகளில் அந்த ஒயரில் டிஜிட்டல் செய்தி போகும். அங்கே டெஸ்டர் பதில் சொல்லாது, ஸ்கேனர் வேண்டும்.

ராயபுரம்: சார், ஆரஞ்சு ஒயர் பார்த்தாலே பயமா இருக்கு. நானே கழட்டலாமா?

பயம் நல்லது. ப்ளோயரும் அதன் மாட்யூலும் 12 வோல்ட்தான். ஆனால் ஹீட்டர் உள்ள வண்டிகளில் அதே ஏசி பெட்டிக்குள் ஆரஞ்சு கேபிள் ஒன்று நுழையும், அதில் நூற்றுக்கணக்கான வோல்ட். அதைக் கழற்றாமல், இழுக்காமல், அதன் கிளிப்பை நகர்த்தாமல் ப்ளோயரை எடுக்க முடிந்தால் செய்யுங்கள். அந்தக் கேபிள் குறுக்கே நிற்கிறது என்றால் அதற்கான பயிற்சியும் கையுறையும் உள்ளவரிடம் விடுங்கள்.

தொடங்குமுன் சார்ஜிங் கன்னைப் பிடுங்குங்கள். மொபைல் ஆப்பில் ஏசி டைமர் வைத்திருந்தால் ரத்து செய்யுங்கள். இல்லையென்றால் கை உள்ளே இருக்கும்போது ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கும். சாவியை வண்டியிலிருந்து தள்ளி வையுங்கள். பிறகு 12 வோல்ட் பேட்டரியின் மைனஸைக் கழற்றி, 10 நிமிடம் விடுங்கள். உங்கள் வண்டியின் மேனுவல் அதிக நேரம் சொன்னால் அதுதான் கணக்கு.

கொடுங்கையூர்: கழட்டி மாட்டுற முறையை வரிசையா சொல்லுங்கண்ணா.

பெரும்பாலான வேனில் இடது பக்க டேஷுக்குக் கீழே இருக்கும். க்ளவ் பாக்ஸை எடுங்கள், கீழ்த் தட்டியை இறக்குங்கள். காற்றுக் குழாயின் பக்கவாட்டில் இரண்டு ஸ்குருவில் தொங்குவது மாட்யூல்; அதற்குப் பக்கத்தில், கீழ்நோக்கி மூன்று ஸ்குருவில் இருப்பது மோட்டார். ஃபேன் இதுவரை ஓடியிருந்தால் மாட்யூலின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துடுப்பான ஹீட் சிங்க் ஆறட்டும், தோலை உரிக்கும் சூடு இருக்கும்.

கனெக்டரின் பூட்டை அமுக்கி, பிளாஸ்டிக் உடலைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. பழைய மாட்யூல் கையில் வந்ததும் அதன் பார்ட் நம்பர், பின் எண்ணிக்கை, ஹீட் சிங்கின் உயரம் மூன்றையும் புதியதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள நுரைப் பட்டை நைந்திருந்தால் புதியது ஒட்டுங்கள், இல்லையென்றால் காற்று கசிந்து விசில் அடிக்கும். ஹீட் சிங்க் துடுப்புகள் காற்றிலேயே ஆறுபவை, அதனால் பேஸ்ட் எதுவும் பூச வேண்டாம்.

ஸ்குரு பிளாஸ்டிக்கில் இறங்குகிறது. முதலில் இடப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். பழைய மரையில் 'டக்' என்று விழுவது விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் மரை கெடாது. கையால் இறுகும் வரை போதும், டிரில் மெஷின் வேண்டாம்.

மூடுவதற்கு முன் பேட்டரியை மாட்டி, வண்டியை ரெடி நிலைக்குக் கொண்டுவந்து எல்லா வேகத்தையும் சோதியுங்கள். ரெடி இல்லாமல் சோதித்தால் சின்ன பேட்டரிதான் சுமை தாங்கும்.

வண்ணாரப்பேட்டை: ஒரு வருஷத்துல மூணு மாட்யூல் மாத்திட்டேன். டூப்ளிகேட் ஐட்டமா?

டூப்ளிகேட்டாக இருக்கலாம், ஆனால் மூன்று போனால் மாட்யூலைக் குறை சொல்வதற்கு முன் அதைக் கொல்வது எது என்று பாருங்கள்.

முதலில் கேபின் ஃபில்டர். ஃபில்டர் அடைத்தால் மோட்டார் திணறி அதிக ஆம்பியர் இழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் கூண்டு வகை ஃபேனில் நடப்பது நேர்மாறு: காற்று வராவிட்டால் சுமை குறைகிறது, ஆம்பியரும் குறைகிறது. ஆனால் மாட்யூலின் ஹீட் சிங்க் அந்தக் காற்றில்தான் ஆற வேண்டும். காற்று இல்லை, சூடு நிற்கிறது, மாட்யூல் போகிறது. மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஓடும் வண்டிக்கு ஃபில்டரை மாதம் ஒருமுறை கழற்றிப் பார்ப்பது அதிகமில்லை.

அடுத்தது மோட்டார். கார்பன் பிரஷ் தேய்ந்து, அச்சைத் தாங்கும் புஷ் இறுகினால் இழுவை ஏறும். டிசி ஆம்பியர் காட்டும், ஒயரைக் கவ்வி அளக்கும் டாங் டெஸ்டரை ஒரு ஒயரில் மட்டும் மாட்டிப் பாருங்கள். வீட்டு எலக்ட்ரீஷியன்களின் டெஸ்டர் பலவும் ஏசி மட்டுமே அளக்கும், அது இங்கே பூஜ்யம் காட்டும். வேன் ப்ளோயர் முழு வேகத்தில் பொதுவாக 10 முதல் 20 ஆம்பியர் வரை. வண்டிக்குச் சொன்ன அளவைவிட நன்றாக மேலே போனால் மோட்டாரையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய மோட்டாரோடு புது மாட்யூல் போட்டால் நான்காவதும் போகும்.

மூன்றாவது, கனெக்டர். பின்னைச் சுற்றிய பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா பாருங்கள். ஃபேன் ஓடும்போது கனெக்டரின் இந்தப் பக்க ஒயருக்கும் அந்தப் பக்க ஒயருக்கும் நடுவே வோல்ட் அளந்தால் 0.2-க்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட் விழுந்தால், 15 ஆம்பியரில் 7.5 வாட் சூடு ஒரு பின்னிலேயே இறங்குகிறது. புது பின், புது ஹவுசிங் போடுங்கள். சேண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்தால் பூச்சு போய் சீக்கிரமே மறுபடி பச்சை பிடிக்கும்.

இன்னொன்று. வோல்ட்டைச் சூடாக எரித்துக் குறைக்கும் லீனியர் வகை மாட்யூலுக்கு நடு வேகம்தான் கடும் வேலை. மோட்டாருக்கு 6 வோல்ட், 8 ஆம்பியர் போகிறது என்றால் மீதி 6 வோல்ட் மாட்யூலில் விழுகிறது: 48 வாட். ரேடியோ மெக்கானிக்கின் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். முழு வேகத்தில் மாட்யூலுக்குச் சூடு மிகக் குறைவு.

காசிமேடு, மீன் வேன்: முன்னாடி ஃபேன் சுத்தல. வெளியில நின்னா ஏசி சூடா வருது, சார்ஜும் மெதுவா ஏறுது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது. பேட்டரியைக் குளிர்விக்கவும் அதே ஏசியின் குளிர்ச்சியைப் பயன்படுத்தும் வண்டி உங்களுடையது என்றால், கன்டென்சர் ஃபேன் நின்றால் கேபினும் சுடும், பேட்டரியும் சுடும். பேட்டரி சூடானால் வண்டியே சார்ஜைக் குறைத்துக்கொள்ளும். ஓடும்போது எதிர்காற்று காப்பாற்றுகிறது, நின்றால் அதுவும் இல்லை. துறைமுகத்து உப்புக் காற்றும், ஐஸ் உருகி ஒழுகும் உப்புத் தண்ணீரும் அந்த ஃபேன் மோட்டாரின் பேரிங்கையும் கனெக்டரையும்தான் முதலில் தின்னும். வண்டியை முழுக்க அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்ற வேண்டும்.

மாற்றியபின் ஒரு தாளை கன்டென்சருக்கு முன் பிடியுங்கள். ஃபேன் பின்னால் இருந்து இழுக்கும் வகை என்றால் தாள் வலையில் ஒட்ட வேண்டும். இரண்டு ஒயர் மோட்டாரில் பிளஸ் மைனஸ் மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும். சத்தம் வரும், காற்று எதிர்த்திசையில் போகும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், பிரஷர் கன் வேண்டாம்.

வியாசர்பாடி: கணேசபுரம் சப்வே தண்ணில போனதுல இருந்து கால் மேட்டு ஈரம். ஃபேன்ல நாத்தம்.

தண்ணீர் வண்டிக்குள் ஏறியிருந்தால் ரெடி போடாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். டோ செய்து பேட்டரி, ஒயரிங் சோதனை முடிந்தபிறகுதான் மற்றது. ஏறவில்லை, இடது மேட் மட்டும் ஈரம் என்றால் கூலிங் காயிலின் வடிகால் குழாய் சேற்றில் அடைத்திருக்கிறது. சென்னை ஈரப்பதத்தில் ஏசி ஓடும் வண்டியின் அடியில் சொட்டு விழுந்தாக வேண்டும். கீழிருந்து மெல்லிய நைலான் கம்பி விட்டு எடுங்கள். உள்ளே தேங்கிய தண்ணீர்தான் மாட்யூலையும் நனைக்கிறது.

பெரம்பூர்: புதுப்பேட்டையில பழைய மாட்யூல் சீப்பா கிடைக்குது. வாங்கலாமா?

மோட்டார் வாங்கலாம், 12 வோல்ட் கொடுத்து ஓட்டி, அச்சை ஆட்டிப் பார்த்து. மாட்யூல் வேண்டாம், அது எவ்வளவு சூடு பார்த்தது என்று வெளியில் தெரியாது. பெட்ரோல் வேனின் மாட்யூல் வடிவத்தில் பொருந்தினாலும் சிக்னல் வேறாக இருக்கலாம்.

எண்ணூர்: ஃபேன் மாத்தும்போது கேஸும் மாத்தணும்னு மெக்கானிக் சொல்றாரு.

ப்ளோயருக்கும் கேஸுக்கும் சம்பந்தமில்லை, எந்தக் குழாயும் திறக்கத் தேவையில்லை. வேறு காரணத்துக்காக என்றாவது கேஸ் போட நேர்ந்தால், எந்த ஆயில் என்று முதலில் கேளுங்கள். இந்த வண்டிகளின் கம்ப்ரசருக்குள் உயர் வோல்ட் சுருள் ஆயிலோடு சேர்ந்தே இருக்கிறது. பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் கடத்தாத பிஓஇ ஆயில்தான். பெட்ரோல் வண்டிக்கான பிஏஜி ஆயில் கலந்தால் இன்சுலேஷன் குறைந்து வண்டி பிழை காட்டி நின்றுவிடும். பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் எழுதியிருக்கும், அதையே காட்டுங்கள்.

மாதவரம்: ஃபேன் ஃபுல்லா வெச்சா கிலோமீட்டர் குறையுமா?

15 ஆம்பியர், 13.5 வோல்ட் என்றால் சுமார் 200 வாட். ஒரு மணி நேரத்துக்கு 0.2 யூனிட். 20 யூனிட் பேட்டரியில் அது 1 சதவீதம். கம்ப்ரசர்தான் அதிகம் தின்னும். ஃபேனைத் தாராளமாக வையுங்கள்.