வீட்டை விட்டு வந்தால் எங்கே போவது, எந்த அட்டையை முதலில் வாங்குவது: திருநங்கைகளுக்கான கேள்வி பதில்

கேள்வி (20 வயது, விழுப்புரம் பக்கம்): அக்கா, வீட்டுல அடி தாங்க முடியல. கிளம்பிடலாம்னு இருக்கேன். என்ன எடுத்துக்கணும், எங்க போகணும்?

பதில்: உயிருக்கு ஆபத்து என்றால் எதையும் எடுக்க வேண்டாம், 112க்கு அழைத்துவிட்டு இப்போதே வெளியேறுங்கள். இரண்டு நாள் அவகாசம் இருந்தால் ஆதார், பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் சான்று, டி.சி., சாதிச் சான்று, வங்கிப் புத்தகம் இவற்றின் அசலைச் சேர்த்து வையுங்கள். சாதிச் சான்றைத்தான் பலரும் விட்டுவிட்டு வருகிறார்கள். பிறகு வாங்க வேண்டுமென்றால் அப்பாவின் காகிதங்களைக் கேட்பார்கள், அதற்காகவே திரும்ப அந்த வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும். அசல் கிடைக்காவிட்டால் படம் எடுத்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். போனில் மட்டும் வைத்தால் போதாது, வீட்டில் முதலில் பிடுங்குவது போனைத்தான்.

இன்னொன்று, ஆதாரில் இருக்கும் செல் எண் யாருடையது என்று பாருங்கள். அப்பாவோ அண்ணனோ வைத்திருக்கும் எண் என்றால், ஆதார் மையத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து மாற்றிவிடுங்கள். ஓ.டி.பி. அவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தால் எந்த விண்ணப்பமும் நகராது.

தங்குவதற்கு, மத்திய அரசின் ஸ்மைல் திட்டத்தில் நடக்கும் கரிமா கிரே இல்லம் சென்னையில் இருக்கிறது. சாப்பாடும் தங்குமிடமும் தொழிற்பயிற்சியும் உண்டு. மாநில அரசின் ‘அரண்’ இல்லங்கள் சென்னையிலும் மதுரையிலும் உண்டு. இடம் காலியா என்று மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள்.

கேள்வி: நான் மேஜர். வீட்டுல ‘காணோம்’னு ஸ்டேஷன்ல புகார் குடுத்துட்டாங்க. போலீஸ் என்னைத் திரும்ப ஒப்படைச்சிடுமா?

பதில்: ஒப்படைக்கக் கூடாது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் சுஷ்மா வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: விசாரித்து, வயது வந்தவர், தன் விருப்பத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும், தொந்தரவு செய்யக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது: “எனக்கு 18 வயது முடிந்துவிட்டது, விருப்பப்பட்டுத்தான் வெளியேறினேன்” என்று எழுதி, வயதுச் சான்றின் நகலோடு அந்த ஸ்டேஷனுக்கும் எஸ்.பி. அலுவலகத்துக்கும் ஸ்பீட் போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றுடன் அனுப்புங்கள். நேரில் கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள். 15100க்கு அழைத்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம்.

கேள்வி: நல வாரிய அட்டை, கலெக்டர் அட்டைன்னு ரெண்டு சொல்றாங்க. எது வேணும்? எதை முதல்ல மாத்தணும்?

பதில்: இரண்டும் வேண்டும், இரண்டும் வேறு வேறு. இதில் குழம்பித்தான் பலர் ஒரு வருடத்தையே இழக்கிறார்கள்.

நல வாரிய அட்டை தமிழ்நாட்டுக்குள் உதவித்தொகை, மானியம் வாங்குவதற்கானது. வாரியம் 2008 ஏப்ரல் 15 அன்று அமைந்தது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இன்னொன்று, 2019 திருநர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தருவது. மத்திய அரசின் திருநர் தேசிய இணையதளத்தில் விண்ணப்பம் போட வேண்டும். பெயரையும் பாலினத்தையும் மாற்ற நாடு முழுக்க இதுதான் அடிப்படை ஆவணம். 2020 விதிகள் இதற்கு உறுதிமொழிப் பத்திரம் கேட்டன, சான்று தர 30 நாள் கெடு வைத்தன. அந்த மாவட்டத்தில் தொடர்ந்து 12 மாதம் குடியிருந்திருக்க வேண்டும் என்றும் சொல்லின. சென்னைக்கு வந்து மூன்று மாதமே ஆனவர் அங்கே போட்டால் சிக்குவது இதில்தான்.

அடுத்து வரிசை. ஆட்சியர் சான்று கையில் வந்ததும் ஆதார், பிறகு பான், வங்கி, வாக்காளர் அட்டை, அதன்பின் கல்விச் சான்றுகள். வங்கியை முதலில் மாற்றப் போனால், ஆதார் பெயர் ஒத்துப்போகவில்லை என்று கணக்கே முடங்கலாம். உதவித்தொகையும் வந்து சேராது. ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்றலாம், பாலினத்தை ஒரே முறை. ஆகவே இனிஷியல் முன்னாலா பின்னாலா, ஆங்கிலத்தில் எந்த எழுத்து என்பதையெல்லாம் விண்ணப்பம் எழுதும்போதே முடிவு செய்து, அப்புறம் ஓர் எழுத்தும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 38. பென்ஷன் கிடைக்குமா?

பதில்: 40 வயதுக்கு மேல்தான். மாதம் 1,500 ரூபாய். அதுவரை வாரியத்தின் சுயதொழில் மானியத்தைக் கேளுங்கள், 50,000 ரூபாய் வரை உண்டு. என்ன தொழில், எந்தக் கடையில் என்ன விலைக்கு என்ன பொருள் என்று விலைப்புள்ளி வாங்கி இணைத்துக் கொடுங்கள்.

கேள்வி: உடம்பு பொண்ணு மாதிரி மாறும்னு கூட இருக்குறவங்க சொல்லி மெடிக்கல்ல கருத்தடை மாத்திரை வாங்கித் தினம் ரெண்டு போடுறேன். தப்பா?

பதில்: தப்பு உங்கள் மேல் இல்லை, ஆனால் இன்றே நிறுத்துங்கள். அந்த மாத்திரைகளில் பொதுவாக இருப்பது எத்தினைல் எஸ்ட்ராடியால். ரத்தம் உறையும் ஆபத்து அதில் அதிகம், சிகரெட் பிடிப்பவருக்கு இன்னும் அதிகம். டாக்டர்கள் எழுதித் தருவது வேறு, எஸ்ட்ராடியால். கூடவே ஆண் ஹார்மோனை அடக்கும் ஸ்பைரோனோலாக்டோன் கொடுத்தால் பொட்டாசியம் ஏறுகிறதா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. அளவை இரட்டிப்பாக்கினால் மார்பு சீக்கிரம் வளராது. முழு வளர்ச்சிக்கு இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ 108ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை போட்டதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. என்றைக்கு ஓ.பி. என்று கேட்டுவிட்டுப் போங்கள். நிர்வாணம் ஆனவர்களும் (ஆணுறுப்பை நீக்கும் ஆபரேஷன் முடிந்தவர்களும்) ஹார்மோனை நிறுத்தக் கூடாது, எலும்பு தேய்ந்துவிடும்.

கேள்வி: ஜமாத்துல, அதான் குருவோட சேர்ந்து வாழுற நம்ம திருநங்கைக் குடும்பத்துல, சேர்ந்தாத்தான் பாதுகாப்பா?

பதில்: பெற்ற வீடு துரத்தும்போது ஒரு குரு மடியில் இடம் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை, உடம்புக்கு முடியாவிட்டால் வந்து நிற்பதும் அவர்கள்தான். ஆனாலும் சேரும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்: தினம் எவ்வளவு தர வேண்டும், படிக்க விடுவார்களா, விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும். ஆதாரையும் ஏ.டி.எம். கார்டையும் யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள், ஜமாத்தில் அம்மா என்று கூப்பிடும் பாசமானவரிடமும்கூட. ஆபரேஷனுக்கு வட்டிக் கடன் தருகிறேன் என்றால், முதலில் அரசு மருத்துவமனையில் பெயரைப் பதிந்துவிட்டு அப்புறம் யோசியுங்கள்.

கேள்வி (ஒரு தாய்): என் பிள்ளைக்கு 15 வயசு. ‘நான் பொண்ணு’ன்னு சொல்றான். ஒரு டாக்டர், மாத்திடலாம்னு சொல்றார்.

பதில்: அந்த டாக்டரிடம் திரும்பப் போகாதீர்கள், அம்மா. பிள்ளையின் பாலின உணர்வை மாற்றுவதாகச் சொல்லிச் செய்யும் சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்துவிட்டது. இந்த வயதில் யாரும் ஆபரேஷன் செய்யப்போவதில்லை, எதற்கும் அவசரமில்லை. பிள்ளை எந்தப் பெயரில் கூப்பிடச் சொல்கிறதோ, வீட்டுக்குள்ளாவது அப்படிக் கூப்பிடுங்கள். பள்ளியில் கேலி செய்தால் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல் ஒதுங்கினால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம், நீங்களும் பேசலாம். உங்களைப் போன்ற பெற்றோரோடு பேச வேண்டுமென்றால், சென்னையில் திருநர், தன்பாலீர்ப்பாளர்களுக்கான ஓரினம் குழுவிடம் கேளுங்கள்.