அட்டவணை பாடம், வாயில மட்டும் "மீ லைக்"

கேள்வி: என்ட மகன் நாலாம் ஆண்டு படிக்கிறான். ஐ, மீ, மை, மைன் எண்டு முழு அட்டவணையும் ஒரே மூச்சில சொல்லுவான். ஆனா கதைக்க விட்டா "மீ லைக் ஐஸ்கிரீம்", தங்கச்சியைக் காட்டி "ஹிஸ் புக்", "வாட் இஸ் யுவர் நேம்" எண்டா "யுவர் நேம்" எண்டே தொடங்குறான். டீச்சர் ஒழுங்கா படிப்பிக்கல்லயா, டியூசன் போடவா?
- ஒரு அம்மா, உப்புவெளி

பதில்: டியூசனுக்கு அவசரப்படாதீங்க, அங்கயும் இதே அட்டவணையைத்தான் பாடமாக்கச் சொல்லுவாங்க.

"மீ லைக்" எங்கிருந்து வருது எண்டு பாருங்க, நாங்க "எனக்கு விருப்பம்" எண்டுதானே சொல்றோம், பிள்ளை அந்த எனக்குவை அப்படியே மீ ஆக்கிட்டான், அவன்ட கணக்கில அது சரிதான். ஹிஸ், ஹேர் வேற விசயம். தமிழ்ல "அவன்", "அவள்" எண்டு சொல்றது பிள்ளைக்குப் பிழைக்காது, ஆனா இங்கிலீசில ஹீ, ஹிம், ஹிஸ், ஹேர் எல்லாம் ஒரே மாதிரிச் சத்தம், அவசரத்தில எது முதல்ல வருதோ அதைச் சொல்றான்.

பெரிய சிக்கல் "யுவர் நேம்" தான். ஐயும் யூவும் ஆள் மாற மாற மாறும், ஆனா வகுப்பில டீச்சர் சொல்ல பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து திருப்பிச் சொன்னா அது மாறவே மாறாதே, கேட்டதை அப்படியே சொல்லத்தான் பழகும். இரண்டு பிள்ளைகளை எதிரெதிரா இருத்தி ஒருத்தன் பேனையை மற்றவன் எடுத்து "இஸ் திஸ் யுவர் பென்?", "யெஸ், இட்ஸ் மை பென்", பிறகு ஆளை மாத்திக் கேக்க விட்டா கொஞ்ச நாள்ல பிடிச்சிடும். நிறையப் பிள்ளைகள் இருக்கிற வகுப்பில இது இரைச்சல்தான், பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பாப்பா, பரவாயில்ல.

வீட்டில தங்கச்சியோட இதையே விளையாட விடுங்க. கல்யாண அல்பத்தை எடுத்து யார் என்ன செய்யினம் எண்டு சொல்ல வைங்க, ஹீயும் ஷீயும் தானா வரும். திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள்ள போனா அங்க திரியிற மானைக் காட்டிக் கேளுங்க. ஒரு மானுக்கும் பத்து மானுக்கும் பேச்சில நாங்க "நிக்குது" எண்டுதான் சொல்றோம், அதால கூட்டத்தைப் பாத்தும் "இட்" எண்டுவான், அங்க "தே" சொல்லிக் குடுங்க.

பிழை விட்டா "பிழை!" எண்டு மறிக்காதீங்க. "மீ லைக்" எண்டா "ஓ, யூ லைக் ஐஸ்கிரீம்? ஐ லைக் இட் டூ" எண்டு நீங்க சரியாச் சொல்லிட்டு கதையைத் தொடருங்க. அட்டவணையும் கிடக்கட்டும், சோதினையில இடைவெளி நிரப்ப உதவும்.