கல்லுகிட்ட கேளுங்க: வாசகர் கேள்வி பதில்

சார், நான் பி.எஸ்சி ஜியாலஜி முதல் வருஷம், கீழ ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறேன். பிராக்டிகல்ல தட்டுல வரிசையா கல்லு வச்சு பேரு எழுதச் சொல்றாங்க. எனக்கு எல்லாமே ஒண்ணு கருப்பு, இல்ல வெள்ளை, அவ்ளோதான் தெரியுது. பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம் வேற. தேறுவேனா?
மாணவி, குன்னூர்

தேறுவே கண்ணு. முதல்ல கலரை நம்புறத விடு. ஹேமடைட்டுன்னு ஒரு கல்லு கைல எடுத்தா இரும்பு மாதிரி கருஞ்சாம்பலா மினுக்கும், ஆனா கிளேஸ் இல்லாத பீங்கான்ல ஒரு இழு இழுத்துப் பாரு, செங்கப்பொடி மாதிரி சிவப்பா கோடு விழும். மேக்னடைட்டும் பாக்க அதே மாதிரிதான், கோடு கருப்பு, காந்தம் வேற ஒட்டும். லேப்ல ஸ்ட்ரீக் பிளேட், அதான் கோடு இழுக்கிற அந்தப் பீங்கான் தகடு, பத்தலைன்னா பாத்ரூம் டைல்ஸ் உடைஞ்ச துண்டு ஒண்ணு எடுத்து அதோட பின்பக்கத்துல தேச்சுப் பாரு, நாங்க அப்படித்தான் படிச்சோம்.

வெள்ளைக் கல்லுல எல்லாரும் மாட்டுறது மூணுதான்: குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கால்சைட். கத்தி முனையால கீறுனா கால்சைட் மட்டும் கோடு வாங்கும், அதுக்கு கடினம் பத்துக்கு 3, மேல ஒரு சொட்டு ஆசிட் விட்டா சோடா பாட்டில் தொறந்த மாதிரி நுரைக்கும். மீதி ரெண்டும் கண்ணாடியவே கீறும், ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7, அதனால அங்க கத்தி உதவாது. என்ன பண்ணணும்னா ஜன்னல் பக்கம் போய் நின்னு கல்ல மெதுவா திருப்பு. ஒரு கோணத்துல சின்னக் கண்ணாடித் துண்டு மாதிரி ஒரு முகம் பளிச்சுன்னு மின்னி அணைஞ்சா ஃபெல்ட்ஸ்பார், கல்லு இப்படித் தட்டையா பிளக்கிறதுதான் கிளீவேஜ். எப்படித் திருப்பினாலும் பாட்டில் உடைஞ்ச மாதிரி வளைஞ்சு வளைஞ்சு தான் தெரியுதுன்னா குவார்ட்ஸ். இந்த ஒரு திருப்பலுக்கு எனக்கு அரை வருஷம் ஆச்சு, யாரும் ஜன்னல் பக்கம் போன்னு சொல்லவே இல்ல, டியூப்லைட் கீழயே உக்காந்து முழிச்சுகிட்டு இருந்தேன்.

கருப்புல ஹார்ன்பிளெண்ட், ஆகைட் ரெண்டும் தகராறு பண்ணும். ஆகைட்ல ரெண்டு கிளீவேஜும் கிட்டத்தட்ட 90 டிகிரில சந்திக்கும், ஹார்ன்பிளெண்ட்ல 60, 120 பக்கம். லென்ஸ கண்ணுகிட்ட ஒட்டி வச்சுட்டு கல்ல கிட்ட கொண்டு வா, எல்லாரும் தலைகீழா பண்ணுவாங்க.

தமிழ் மீடியத்துக்குப் பயப்படாத. தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறைன்னு ஸ்கூல்லயே படிச்சாச்சு, அந்த மூணு டப்பாவுக்குள்ள தான் இங்கிலீஷ் பேரு எல்லாம் உக்காரப் போகுது. இங்கிலீஷ் மீடியம் பசங்களுக்கும் ஹைப்பர்ஸ்தீன்ங்கிற கனிமப் பேரு புது வார்த்தை தான்.

நீலகிரி மலை சார்னோகைட், அது தீப்பாறைன்னு செமஸ்டர்ல எழுதினேன், ரெண்டு மார்க் போச்சு. பழைய நோட்ஸ்ல தீப்பாறைன்னு தான் இருக்கு. யார் சொல்றது சரி?
மாணவர், கோத்தகிரி

மார்க்க நான் திருப்பித் தர முடியாது தம்பி, ஆனா நீ சும்மா உளறலை. கல்கத்தாவ ஆரம்பிச்சவருன்னு சொல்ற ஜாப் சார்னாக் இருக்காரே, அவரோட கல்லறைக் கல்லு நம்ம மெட்ராஸ் பக்கத்துல இருந்து போனது. தாமஸ் ஹாலண்ட்ங்கிற ஜியாலஜிஸ்ட் 1893ல அந்தக் கல்ல வச்சுத்தான் இந்தப் பாறைக்கு சார்னோகைட்னு பேரு வச்சாரு. பல்லாவரம், பரங்கிமலை பக்கம் எல்லாம் இதே ஜாதிக் கல்லு தான். ஹாலண்ட் இது உருகி உறைஞ்ச தீப்பாறைன்னு தான் நினைச்சாரு, உன் பழைய நோட்ஸ் அந்த வழில வந்திருக்கும். அப்புறம் வந்தவங்க, பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல கடுமையான சூட்டுலயும் அழுத்தத்துலயும் வெந்து உருமாறினதுதான் பெரும்பாலானதுன்னு முடிவு பண்ணாங்க. உருகின குழம்புல இருந்தே நேரா வந்த சார்னோகைட்டும் உலகத்துல உண்டு, அதான் சண்டை இன்னும் முழுசா ஓயலை. பரிட்சைல "உயர்நிலை உருமாறிய பாறை"ன்னு எழுதிட்டு, கூடவே ஒரு வரி ஹாலண்ட் கதையையும் போடு. பேப்பர திருத்துறவரு மனுஷன் தானே.

வயசு கேட்டா சுமார் 250 கோடி வருஷம். வீட்டுக்குப் பக்கத்துல புதுசா உடைச்ச கல்லு கிடைச்சா பாரு, எண்ணெய் தடவுன மாதிரி ஒரு கரும்பச்சை, குவார்ட்ஸ் கூட லேசா நீலம் ஓடியிருக்கும், சில துண்டுல சிவப்பு கார்னெட் மாதுளை முத்தாட்டம் பதிஞ்சிருக்கும்.

ஊட்டி ஏரி, கொடைக்கானல் ஏரி ரெண்டும் பழைய எரிமலை வாய்னு ஒரு டூரிஸ்ட் கைடு சொன்னாரு. உண்மையா?
வாசகர், கொடைக்கானல்

இல்லைங்க. ஊட்டி ஏரி கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் 1820கள்ல கட்ட ஏற்பாடு பண்ணது, கொடைக்கானல் ஏரி 1863ல மதுரை கலெக்டர் வியர் லெவிஞ்ச் கட்டினது. ரெண்டுமே அணை போட்டுத் தண்ணி தேக்கினது. கைடு அண்ணனுக்கு உங்க ஊரு தூண் பாறையக் காட்டுங்க, சொல்றதுக்கு நல்ல நிஜக் கதை அங்க இருக்கு: பாறைல நேர்குத்தா ஓடுற வெடிப்பு, அதுக்குப் பேரு ஜாயிண்ட், அதுல மழைத்தண்ணி இறங்கி இறங்கி ரெண்டு பக்கமும் அரிச்சு நடுவுல நின்ன துண்டு தான் அந்தத் தூணுங்க.

ஐப்பசி வந்தாலே எங்க ரோட்டுல மண்ணு சரியுது. மலை பாறைதானே, பாறை எப்படிங்க கரையும்? பையன் ஜியாலஜி சேர்ந்திருக்கான், அவனைக் கேட்டா "வெதரிங்"னு ஒரே வார்த்தைல முடிச்சிடறான்.
தேயிலைத் தோட்டக்காரர், குன்னூர் பக்கம்

பையன் சொன்னது சரிதாங்க, ஆனா அந்த ஒரு வார்த்தைக்குள்ள முழு மலையும் இருக்கு. அடுத்த தடவ மேட்டுப்பாளையம் இறங்கும்போது ரோட்டுக்காக வெட்டின சுவர ஒரு இடத்துல நின்னு பாருங்க (வளைவுல நிக்காதீங்க). மேல செம்மண்ணு. கொஞ்சம் கீழ மஞ்சள் கலந்த உதிரி மண்ணு, அதுக்கு நடுவுல பெரிய உருண்டைக் கல்லுங்க பலாச்சுளைக்குள்ள கொட்டை மாதிரி பொதிஞ்சு கிடக்கும். உருண்டையச் சுத்தி வெங்காயத் தோல் மாதிரி பட்டை பட்டையா வரும், விரலால தட்டினா உதிரும். இன்னும் கீழ போனாத்தான் நிஜப் பாறை.

அந்த உருண்டைய எந்த ஆறும் உருட்டிட்டு வரலைங்க. பாறைல குறுக்கும் நெடுக்குமா ஜாயிண்ட் ஓடி பெட்டி பெட்டியா பிரிஞ்சிருக்கும், மழைத்தண்ணி அந்த வெடிப்புல இறங்கும்போது பெட்டியோட மூலை மூணு பக்கம் தாக்கு வாங்குது, விளிம்பு ரெண்டு பக்கம், தட்டை முகம் ஒரு பக்கம்தான். அப்ப மூலை முதல்ல மக்கும், பெட்டி உருண்டை ஆயிடும். உள்ள இருக்கிற ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணா மாறுது, இரும்பு இருக்கிற கனிமம் துருப்பிடிச்சுத் தான் அந்தச் சிவப்பு, குவார்ட்ஸ் மட்டும் அசையாம மணலா நிக்குது. இப்படிப் பாறை மக்குறதுதான் வெதரிங், ஆக நம்ம தேயிலை நிக்கிறது அழுகின பாறை மேல.

இப்ப ஐப்பசி மழை. ரெண்டு நாள் விடாம பெஞ்சா உதிரி மண்ணுல இருக்கிற ஓட்டை எல்லாம் தண்ணி நிரம்புது, மண்ணு கனம் ஏறுது. கனத்த விட மோசம் என்னன்னா, உள்ள நிரம்பின தண்ணி மண்துகள ஒண்ணை விட்டு ஒண்ணு தள்ளுது, பிடிப்பு போயிடுது, கீழ இருக்கிற பாறை வழுவழுன்னு தண்ணிய வாங்காது, மேல இருக்கிறது மொத்தமா வழுக்கி இறங்குது. ரோட்டுக்காகவோ வீட்டுக்காகவோ சரிவோட அடிக்கால வெட்டியிருந்தா கேக்கவே வேணாம், நிக்கிறவன் காலைத் தட்டிவிட்ட கதை தான். 1993 நவம்பர்ல மரப்பாலத்துல நடந்த மண்சரிவு உங்களுக்கு ஞாபகம் இருக்கும், 2009 நவம்பர்ல மாவட்டம் பூரா சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல போனாங்க.

பையனுக்கு இன்னொரு வேலை: தோட்டத்துல பழைய காலத்து வடிகால் கான் எத்தனை தூந்து போயிருக்குன்னு எண்ணிட்டு வரச் சொல்லுங்க. எங்க தோட்டத்துல மேல் கான் ஒண்ண மூடி நடைபாதை போட்டோம், நான் பாடம் நடத்துற ஆளு, எனக்கே தோணலை, அடுத்த மழைக்கு கீழ்ப்பக்கம் தடுப்புச் சுவரு வயிறு தள்ளி நின்னுச்சு. சுவத்துல தண்ணி வடியிற ஓட்டையும் அடைஞ்சிருந்தது. வேலைக்காரங்கள வையலாம், ஆனா மூடச் சொன்னது நாந்தான்.

சரிவுல திடீர்னு பிறை வடிவுல வெடிப்பு விட்டா, மரம், கம்பம் சாஞ்சா, புதுசா ஊத்து வந்தா அன்னைக்கு ராத்திரி அந்த வீட்டுல படுக்காதீங்க.

தேவாலா பக்கம் ஓடைல மஞ்சளா மின்னுற வெள்ளைக் கல்லு கிடைச்சுது. தங்கமா?
கல்லூரி மாணவர், கூடலூர்

ஊசி எடுத்துக் குத்து. பள்ளமா அமுங்கினா தங்கம், பொடியாச்சுன்னா பைரைட், அதாவது தங்கம் மாதிரி ஏமாத்துற இரும்புக் கனிமம், தகடு தகடா உரிஞ்சா மைக்கா, அதான் காக்காப்பொன். டைல்ஸ் பின்பக்கம் இழுத்தா தங்கம் மஞ்சக் கோடு, பைரைட் கருப்பு. உங்க பக்கம் குவார்ட்ஸ் நரம்புல தங்கம் இருக்கிறது நிஜம்தான், 1880 வாக்குல லண்டன்ல கம்பெனி மேல கம்பெனியா ஆரம்பிச்சு பங்கு வித்து, மெஷின் ஏத்தி, ரெண்டு மூணு வருஷத்துல பெரும்பாலானது கவுந்துடுச்சு. பழைய குழிக்குள்ள மட்டும் இறங்காத, அதுல மண்ணு சரிஞ்சு செத்தவங்க இருக்காங்க.

மகளுக்கு ஜியாலஜி தான் வேணுமாம். சொந்தக்காரங்க "பொம்பளப் புள்ள சுரங்கத்துக்கா போகப்போவுது"ன்னு கேக்கறாங்க. என்ன சொல்ல?
ஒரு அம்மா, பண்ணைக்காடு

போகலாம்னே சொல்லுங்கம்மா. பூமிக்கடி சுரங்கத்துல பெண்கள் வேலை செய்யக்கூடாதுன்னு சட்டம் இருந்தது, 2019ல மத்திய அரசு நிபந்தனையோட தளர்த்திடுச்சு. ஆனா சுரங்கம் ஒண்ணு தான் வழின்னு இல்ல, நிலத்தடி நீர், அணை, ரோடு, நிலச்சரிவு ஆய்வுன்னு இருக்கு. மத்திய புவியியல் ஆய்வுத் துறைக்கு யூ.பி.எஸ்.சி தனியா பரிட்சை வைக்குது, அதுக்கு எம்.எஸ்சி வேணும். அதனால மூணு வருஷத்துல வேலைன்னு கணக்குப் போட்டுடாதீங்க, அஞ்சு வருஷம்னு மனசுல வச்சுக்கங்க. சொந்தக்காரங்களுக்கு இத முழுசா விளக்க வேண்டியதில்ல.

ஃபீல்டு போகும்போது தொட்டபெட்டால கல்லு உடைச்சு எடுக்கலாமா அண்ணா? என்ன சுத்தியல் வாங்கணும்?
மாணவர், ஊட்டி

அது காடு, அங்க உடைக்காத. ரோட்டோரம் விழுந்து கிடக்கிறதுல எடு, எடுத்த உடனே இடத்தையும் தேதியையும் கல்லு மேலயே எழுது, பையில போட்டு வீட்டுல போய் எழுதிக்கலாம்னா எல்லாம் ஒரே கல்லு தான். சுத்தியல் ஜியாலஜி சுத்தியலே வாங்கு, தச்சர் சுத்தியல் சார்னோகைட்ட அடிச்சா தெறிக்கிறது சுத்தியலோட முனை. கண்ணாடி போட்டுக்க, சாதா பவர் கண்ணாடி இருந்தாலும் பரவால்ல. என் இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கு, அது ரெண்டாம் வருஷ ஃபீல்டுல வந்தது.