பிஸ்டன் மாற்றி கம்ப்ரஷனைக் கூட்டினால் கொடுத்த காசுக்குப் பலன் உண்டா?

கேள்வி: என்னிடம் பழைய மாருதி எஸ்டீம் கார் இருக்கிறது. என்ஜின் ஆயில் குடிப்பதால், போரிங் செய்து (சிலிண்டரை உள்ளே கடைந்து அகலப்படுத்தி) பிஸ்டன் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். எப்படியும் பிஸ்டன் வாங்கத்தான் வேண்டும், அதைக் கம்ப்ரஷன் கூட்டும் ஃபோர்ஜ்டு பிஸ்டனாக (உலோகத்தை அழுத்தி அடித்து உருவாக்கியது) வாங்கினால் டர்போ இல்லாமலே பவர் ஏறும் என்கிறார் ஒரு விற்பனையாளர். பெட்டியின் மேல் கம்ப்ரஷன் விகிதம் 10.5 என்று அச்சிட்டிருக்கிறது. விலை சாதாரண பிஸ்டன் செட்டைப் போல மூன்று மடங்கு. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். என்ஜினைப் பிரிக்கும் கூலியும் போரிங் செலவும் எப்படியும் உங்களுக்கு உண்டு என்பதால், இந்த வேலையைச் செய்ய இதைவிட நல்ல தருணம் வராது என்பது உண்மைதான். ஆனால் கிடைக்கப்போகும் பவர் எவ்வளவு என்பதை விற்பனையாளர் உங்களுக்குச் சொல்லவில்லை. கம்ப்ரஷன் விகிதம் என்பது, பிஸ்டன் அடியில் இருக்கும்போது சிலிண்டரில் உள்ள மொத்த இடம், அது உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடத்தைப் போல எத்தனை மடங்கு என்ற எண். ஏட்டுக் கணக்கின்படி அது 9-லிருந்து 10.5-க்கு ஏறினால் என்ஜினின் வெப்பத்திறன் சுமார் 4 சதவீதம்தான் கூடுகிறது. 85 குதிரைத்திறன் உள்ள என்ஜினில் அது மூன்று அல்லது நான்கு குதிரைத்திறன். மைலேஜிலும் கீழ் வேகத்தில் இழுக்கும் திறனிலும் சிறு முன்னேற்றம் தெரியும். மாஸ்டா நிறுவனம் தன் எம்எக்ஸ்-5 காரின் 1.8 லிட்டர் என்ஜினில், 83 மில்லிமீட்டர் போரையும் (சிலிண்டரின் விட்டம்) 85 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கையும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) மாற்றாமலே விகிதத்தை 9-லிருந்து 9.5-க்கும் பிறகு 10-க்கும் உயர்த்தியது. அந்தக் காலகட்டத்தில் பவரும் கூடியது. ஆனால் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி), காற்று உள்வாங்கும் பாதை, வால்வுகளைத் திறக்கும் கேம் அமைப்பு ஆகியவையும் சேர்ந்தே மாறியதால் வந்த கூடுதல் அது. பிஸ்டனுக்கு மட்டும் அந்தப் பெயரைக் கொடுக்க முடியாது.

அடுத்து, பெட்டியின் மேல் உள்ள 10.5 என்ற எண். கம்ப்ரஷன் விகிதம் பிஸ்டனுக்குள் இருக்கும் குணம் அல்ல. ஹெட்டின் அறை, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வரும் கேஸ்கெட்டின் தடிமன், பிளாக்கின் மேல்தளத்துக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி, பிஸ்டன் தலையின் குழிவு அல்லது மேடு ஆகிய எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும் எண் அது. உங்கள் என்ஜினின் போர் 74, ஸ்ட்ரோக் 75.5 மில்லிமீட்டர், ஆகவே ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 324.7 சிசி. விகிதம் 9 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 40.6 சிசி. அது 10.5 ஆக வேண்டுமானால் அந்த இடம் 34.2 சிசி-க்குச் சுருங்க வேண்டும், அதாவது 6.4 சிசி குறைய வேண்டும். பிஸ்டனைக் கனெக்டிங் ராடுடன் இணைக்கும் பின் (pin) நுழையும் துளையின் நடுவிலிருந்து பிஸ்டனின் மேல்விளிம்பு வரையுள்ள உயரம் ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடினாலே 4.3 சிசி குறைந்து, விகிதம் ஏறக்குறைய 10 ஆகிவிடும். இவ்வளவு நுணுக்கமான கணக்கை, உங்கள் ஹெட்டைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவர் பெட்டியில் அச்சிட்டு உறுதி தர முடியாது.

ஆகவே முதலில் அளவெடுப்பதற்குச் செலவு செய்யுங்கள். நல்ல லேத் பட்டறையில், ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, துளையிட்ட அக்ரிலிக் தகட்டைக் கிரீஸ் தடவி ஒட்டி, பியூரெட்டால் திரவம் ஊற்றி ஒவ்வொரு அறையையும் அளந்து தருவார்கள். பிறகு விற்பனையாளரிடம் பின் துளையிலிருந்து பிஸ்டனின் மேல்விளிம்பு வரையுள்ள உயரம், தலைக் குழிவின் சிசி, பின்னின் விட்டம், ரிங்குகளின் தடிமன், வால்வுக்காக வெட்டிய பள்ளத்தின் ஆழம் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். "எஸ்டீமுக்குப் பொருந்தும்" என்ற ஒற்றை வரிப் பதிலுடன் நிறுத்திக்கொள்பவரிடம் வாங்காதீர்கள். நான்கு பிஸ்டன்களும் ஒரே எடையில் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். பழையதைவிட எடை குறைவாக இருப்பதைக் காட்டிலும் நான்கும் தமக்குள் ஒத்திருப்பதே என்ஜின் அதிராமல் ஓட உதவும்.

பிஸ்டன் கைக்கு வரும் முன் போரிங் செய்ய விடாதீர்கள். ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் கூடுதலாக விரியும் என்பதால், அதைச் செய்தவர் குறிப்பிட்ட இடைவெளியை வைத்துத்தான் சிலிண்டரைக் கடைந்து ஹோனிங் (உட்சுவரை நுணுக்கமாகத் தேய்த்து முடிப்பது) செய்ய வேண்டும். சூடேறும் வரை லேசான தட்டல் ஓசை கேட்கலாம். என்ஜினை மூடும் முன் பிஸ்டன் தலையில் பிசைகளிமண் ஒட்டி, கேஸ்கெட்டைப் பொருத்தி, கேம் டைமிங்கையும் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்) சரியாக வைத்து, கையால் கிராங்கை இரண்டு சுற்று சுற்றி, பிறகு கழற்றி வால்வு பதிந்த இடத்தின் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். இன்டேக் பக்கம் 2, எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது பொதுவான நடைமுறை.

பெட்ரோல் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள், எனவே இதைக் கவனமாகப் படியுங்கள். கம்ப்ரஷன் கூடினால் நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை கட்டுப்பாடின்றித் தானாகவே வெடித்து எரிவது, வரும் வாய்ப்பும் கூடும். அதைத் தாங்கும் பெட்ரோலின் திறனைச் சொல்வதே ஆக்டேன் எண். அமெரிக்கர்கள் "91 ஆக்டேனில் ஓடுகிறது" என்று எழுதினால், அது நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 95 அல்லது 96. ஆக்டேனை அளக்கும் ஆர்ஓஎன் (RON), எம்ஓஎன் (MON) என்ற இரண்டு முறைகளின் சராசரியை அவர்கள் பெட்ரோல் பங்க்கில் எழுதுகிறார்கள். நம் பெட்ரோல் பங்க்குகளில் சொல்லப்படுவது ஆர்ஓஎன் மட்டும். இந்த வேறுபாடு தெரியாமல் அவர்களுடைய விகிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், பாரம் ஏற்றி மேடு ஏறும்போது நாக்கிங் தொடங்கும். அந்தச் சத்தத்தைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் பிஸ்டனின் ரிங் இடைச்சுவர் உடையும், கேஸ்கெட் போகும். நாக்கிங்கை உணரும் நாக் சென்சார் இல்லாத என்ஜினில், இக்னிஷன் டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரம்) தானாகப் பின்தள்ளிக் காப்பாற்ற எதுவும் இல்லை. நாமே அந்த டைமிங்கைப் பின்தள்ளி வைத்தால், காசு கொடுத்து வாங்கிய மூன்று குதிரைத்திறனைத் திருப்பிக் கொடுத்ததாகிவிடும்.

தினசரி ஓட்டும் கார் என்றால் என் முடிவு இது: தரமான ஓவர்சைஸ் (கடைந்த சிலிண்டருக்கு ஏற்பச் சற்றே பெரிய) சாதாரண பிஸ்டனை வாங்குங்கள். 0.5 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் போட்டாலே, மற்ற அளவுகள் மாறாதிருந்தால், விகிதம் 9-லிருந்து 9.1-க்குத் தானாக வரும். மிஞ்சும் பணத்தில் வால்வு சீட் வேலை, ரேடியேட்டர், ஆயில் பம்ப் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். கார் பந்தயத் திடலுக்குப் போகப்போகிறது, கேமும் மாற்றப்போகிறீர்கள் என்றால் மட்டும் ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு அர்த்தம் உண்டு.

கேள்வி: பிஸ்டனை விட்டுவிட்டு ஹெட் ஃபேசிங் செய்து (ஹெட்டின் அடிப்பரப்பைக் கடைந்து) கம்ப்ரஷனைக் கூட்டினால் மலிவாக முடியுமே?

பதில்: மலிவாக முடியும், ஆனால் கடைந்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ஹெட் இறங்குவதால் வால்வு பிஸ்டனுக்கு நெருங்கும், டைமிங் பெல்ட் ஓடும் தூரம் குறைந்து கேம் டைமிங் சற்றே விலகும். தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள குறைந்தபட்ச ஹெட் உயரத்துக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள். ஏற்கெனவே ஒருமுறை ஃபேசிங் ஆன ஹெட்டாக இருந்தால் இந்த யோசனையைக் கைவிடுங்கள். எந்த வேலை செய்தாலும், ஒப்புக்கொண்ட அளவுகளை ஜாப் கார்டில் எழுதி, ஜிஎஸ்டி பில்லுடன் வாங்குங்கள். குறை இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால், வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும்.