விழுந்த அம்மாவை இனி நடமாட விடலாமா?

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார், பெரிய அடி இல்லை, ஆனாலும் மறுபடி விழுந்துவிடுவாரோ என்று ஒரு வேலையும் செய்யவிடாமல் உட்கார வைத்திருக்கிறேன், சரிதானே என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், இதே தப்பை நான் செய்து முடித்துவிட்டுத்தான் சொல்கிறேன். நீங்கள் ஒருவர்தான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறீர்கள், மற்றவர்கள் போனில் மட்டும் பாசம் காட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். அம்மா முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, முதல்நாள் மழையில் ஊறிய மேட்டில் ஏறி இறங்கி, பால் வாளி சுமந்த கால்கள். 2023 தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, தேய்ந்த ஜப்பான் சிலிப்பரோடு குளியலறையில் விழுந்தார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, இடுப்பில் கன்றிப்போனதோடு சரி. நான்தான் சும்மா இருக்கவில்லை. துடைப்பத்தைப் பிடுங்கினேன், துணி காயப்போடாதே என்றேன், வெள்ளிக்கிழமை கோயிலை நிறுத்தினேன், கோப்பிகூட கைக்கே வந்தது. அக்கம்பக்கத்தில் 'பையன் என்னமா பார்த்துக்கிறான்' என்று பேச்சு. எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

பொங்கலன்று பால் பொங்கும் நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. இரண்டு கையையும் ஊன்றி, மூன்றாவது தடவைதான் எழுந்தார். அதற்குள் பால் வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சிகிச்சை தரும் பெண் பதினாறு கேள்வி கேட்டார். வீடு பெருக்கும்போது, குளிக்கும்போது, கடைக்குப் போகும்போது, ஈரத் தரையில், கூட்டத்தில் நடக்கும்போது விழுந்துவிடுவோம் என்ற கவலை எவ்வளவு என்று. இது ஊரெல்லாம் பயன்படுத்துகிற கேள்வித்தாளாம். பாதியில் அம்மா சொன்னார்: "எனக்கு என்னம்மா பயம், எல்லாம் இவனுக்குத்தான்." அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அவர் விளக்கியது இதுதான். பயந்து நடமாட்டத்தைக் குறைத்தால் தொடைத் தசை கரையும், நிலை தடுமாறும், அப்புறம் நிஜமாகவே விழுவார்கள். 65 வயது தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் சமநிலைக்கும் பயிற்சி செய்யவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமே 2020ல் சொல்லியிருக்கிறதாம். எங்களுக்குக் கொடுத்த பயிற்சி ரொம்ப சாதாரணம்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, அடுப்பங்கரை மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாதத்துக்கு நேர் முன்னே மற்றப் பாதத்தை வைத்து நிற்பது. குளியலறையில் கைப்பிடி வைத்தேன், சிலிப்பரை எறிந்தேன், ராத்திரிக்குச் சின்ன விளக்கு. பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம் என்றதால், கட்டிலில் சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் எழுகிறார்.

வயசானவங்களைத் தெருவில் விடச் சொல்கிறாயா என்று யாராவது கிளம்பி வருவீர்கள், தெரியும். எலும்பு முறிந்தவர்களுக்கோ அடிக்கடி மயங்கி விழுபவர்களுக்கோ நான் சொல்லவில்லை. நான் டாக்டரும் இல்லை, பள்ளி பஸ் ஓட்டுகிறவன். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

கிள்ளானில் இருக்கும் என் தங்கைக்கு மட்டும் இது இன்னும் புரியவில்லை. வீடியோ காலில் அம்மா கையில் துடைப்பத்தைப் பார்த்தால் போதும், 'அம்மாவ வேலைக்காரியாக்கிட்டியா' என்று ஆரம்பித்துவிடுவாள். அப்பா கருமாதி செலவில் அவள் பங்கு இன்னும் வரவில்லை, அதை நான் கேட்டேனா? சரி, அது வேறு கதை.

இப்போது அம்மா காலையில் எங்கள் தாமான் (குடியிருப்பு) முனையிலுள்ள ஒட்டுக்கடைக்குத் தனியாக நடந்துபோய் ரொட்டி வாங்கி வருகிறார். வழியில் லோங்காங் (சாக்கடை) மூடி இரண்டைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள், எத்தனை தடவை புகார் கொடுத்தும் வந்து போடவில்லை, அம்மா சுற்றிக்கொண்டு போகிறார். அவர் கிளம்பி ஐந்து நிமிடம் கழித்து நான் பெட்ரோல் போடப் போவதாகச் சொல்லி மோட்டாரை எடுப்பேன். போன வாரம்தான் அம்மா கேட்டார்: "ஏண்டா, பெட்ரோல் ஸ்டேஷன் அந்தப் பக்கம்தான இருக்கு?"